போர்க் ரிப்ஸும் வீட்டுல பண்ற கார சாஸும்: கரியா, ஓவனா, குக்கரா?

ரிப்ஸ் பண்ணணும்னு ஆசை வந்த உடனே நிறைய பேர் முதல்ல தேடுறது சாஸ் ரெசிப்பியைத்தான். அது தலைகீழ். முதல்ல முடிவு பண்ண வேண்டியது எந்த நெருப்புல வேக வைக்கப் போறோம்ங்கிறது. அது முடிவானாதான் எந்த வெட்டு வாங்கணும், சாஸ்ல புளிப்பு தூக்கலா இருக்கணுமா இனிப்பு தூக்கலா இருக்கணுமா, மிளகாயை எப்படிச் சேர்க்கணும்ங்கிறதெல்லாம் தானா அமையும். கரிப்புகைல அஞ்சு மணி நேரம் கிடந்த ரிப்ஸுக்கு ஒரு சாஸ், ஓவன்ல ஃபாயிலுக்குள்ள வெந்த ரிப்ஸுக்கு வேற சாஸ். ரெண்டுக்கும் ஒரே சாஸை ஊத்தினா ஏதோ ஒண்ணு கண்டிப்பா சப்புன்னு போயிடும். அதனால வழிகளை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்ப்போம், எது யாருக்குன்னு என் முடிவையும் சொல்லிடறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் லேசு. விலா எலும்புக்கு நடுவுல இருக்குற கறி, பன்னி மூச்சு விடுற ஒவ்வொரு தடவையும் வேலை செய்யுற தசை, அதனால அதுல கொலாஜன்ங்கிற நார்ப்புரதம் ஜாஸ்தி. முழுத்துண்டு போர்க் 63 டிகிரி செல்சியஸ் வந்து 3 நிமிஷம் ஆறினா சாப்பிடப் பாதுகாப்பானதுன்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது, அது சரிதான், ஆனா 63ல இறக்கின ரிப்ஸை மென்னு பாருங்க, தாடை வலிச்சுடும். கொலாஜன் 70 டிகிரியைத் தாண்டினப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இளகி ஜெலட்டினா மாற ஆரம்பிக்கும், அதுக்கு நேரம் வேணும், உள் சூடு 90லேருந்து 95க்குள்ள வர்றப்போதான் கறி எலும்பை விட்டுக் கொடுக்கும். ஆக ரிப்ஸ் வெந்துச்சாங்கிறது இங்க கேள்வியே இல்லை, உள்ள இருக்குற நார் இளகுற வரைக்கும் ஈரம் போகாம சூட்டைப் பிடிச்சு வெச்சோமாங்கிறதுதான் கேள்வி. எந்த அடுப்பை எடுத்தாலும் இதை வெச்சுத்தான் எடை போடணும்.

முதல்ல கரி. சுவைன்னு மட்டும் பார்த்தா இதை அடிச்சுக்க ஆளே இல்லை, அதுல எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனா இது கறிக்குக் கீழயே கரியைக் கொட்டி சுடுற வேலை கிடையாது. கரியை ஒரு ஓரமா ஒதுக்கி, இன்னொரு பக்கம் ஒரு தட்டுல தண்ணி வெச்சு, அந்தத் தண்ணிக்கு மேல ரிப்ஸை வெச்சு மூடிடணும். மூடி இல்லைன்னா இந்த வழியை மறந்துடுங்க, திறந்த அடுப்புல வெளிப்பக்கம் கருகும், உள்ள நார் அப்படியே இருக்கும். 1952ல ஜார்ஜ் ஸ்டீபன்ங்கிறவர் உருண்டையா மூடி போட்ட வெபர் கெட்டில் கிரில்லைக் கொண்டு வந்ததுக்கு அப்புறம் சாதாரண வீட்டுக்காரங்களும் வீட்டுப் பின்னாடியே இந்த மாதிரி மெதுவா வேக வைக்க முடிஞ்சுதுன்னா காரணம் அந்த மூடியும் அதுல இருக்குற காத்துத் துவாரமும்தான். கீழ்த் துவாரத்தைக் குறைச்சா சூடு குறையும், திறந்தா ஏறும், மேல் துவாரம் எப்பவும் பாதிக்கு மேல திறந்தே இருக்கணும், இல்லைன்னா புகை உள்ளயே தேங்கிக் கசக்கும். 110லேருந்து 120 டிகிரிக்குள்ள பிடிச்சு வெச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மிச்சப் பாதி புகை. புகைக்காக கரி மேல மரக்கட்டை போட்ட உடனே குபுகுபுன்னு வெள்ளையா வரும், அதைப் பார்த்து சந்தோஷப்பட்டு கறியை வெச்சுடாதீங்க, அது அரைகுறையா எரியுற புகை, கறில தார் மாதிரி கசப்பு ஏத்திடும். கொஞ்ச நேரம் பொறுத்தா புகை மெலிஞ்சு லேசா நீலமா, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் வரும், அப்பத்தான் ரிப்ஸ் உள்ள போகணும். ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி இதெல்லாம் நல்ல கட்டை, கைப்பிடி அளவுல ரெண்டு மூணு துண்டு போதும். பைன் மாதிரி பிசின் இருக்குற மரமும், பெயிண்ட் அடிச்ச பழைய பலகையும் கிட்டயே வரக்கூடாது. கட்டையைத் தண்ணில ஊற வைக்கறதும் வீண் வேலை, ஊறின தண்ணி ஆவியாகுற வரைக்கும் புகையே ஒழுங்கா வராது. கறி சில்லுன்னு ஈரமா இருக்குறப்போதான் புகை நல்லா ஒட்டும், அதனால முதல் ரெண்டு மணி நேரம்தான் முக்கியம், அதுக்கப்புறம் கட்டை போட்டுக்கிட்டே இருந்தா லாபம் கம்மி.

கரிக்கு எதிரா சொல்ல வேண்டியதையும் சொல்லிடறேன். அஞ்சாறு மணி நேரம் நீங்க அடுப்பை விட்டு நகர முடியாது, மணிக்கொரு தடவை கரி சேர்க்கணும், காத்தடிச்சா சூடு எகிறும், மழை வந்தா படுத்துடும். இதை விட முக்கியமானது, கரி எரியுறப்போ கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, உயிரையே எடுத்துடும். வீட்டுக்குள்ள, மூடின பால்கனில, கராஜ்ல, ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டுகூட கரி மூட்டக் கூடாது. வெளி இடம் இல்லைன்னா கரி உங்க பட்டியல்லயே இல்லை, அவ்ளோதான்.

கேஸ் கிரில் இருக்குறவங்களுக்கு ஒரு பத்தி போதும். ஒரு பக்க பர்னரை மட்டும் எரிய விட்டு மறுபக்கம் ரிப்ஸை வைக்கணும், மரச்சீவலை ஃபாயில்ல பொட்டலம் கட்டி நாலஞ்சு ஓட்டை போட்டு எரியுற பர்னர் மேல வெச்சா கொஞ்சம் புகை கிடைக்கும். சூடு நிலையா இருக்கும், தொல்லை கம்மி. ஆனா புகை வாசனை கரிக்குப் பக்கத்துல வராது, கேஸ் கிரில் மூடிங்க பெரும்பாலும் காத்து உள்ள வெளிய போற மாதிரிதான் இருக்கும், புகை தங்காது. என்னைக் கேட்டா இது ஓவனுக்கும் கரிக்கும் நடுவுல நிக்குது, ஓவனோட பக்கம்தான் கொஞ்சம் அதிகமா சாயுது.

இப்ப ஓவன். இதைப் பத்தி நிறைய பேர் இளக்காரமா பேசறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்லை. மெதுவா, சீரா, ஈரம் போகாம சூடு கொடுக்கறதுல ஓவனை விட நம்பகமான சாமான் சமையல்கட்டுல கிடையாது. 135 டிகிரில வெச்சு, உப்பும் மசாலாவும் தடவின ரிப்ஸை ஃபாயில்ல ரெண்டு சுத்து இறுக்கமா சுத்தி, ட்ரேல எலும்புப் பக்கம் கீழ வர்ற மாதிரி வெச்சா பேபி பேக்ங்கிற முதுகுப்பக்கத்துச் சின்ன வெட்டு ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துல பதமாகும், பெரிய வெட்டு மூணு, மூணரை மணி நேரம் எடுக்கும். நீங்க பாட்டுக்கு வேற வேலை பார்க்கலாம். அதோட ஃபாயிலைப் பிரிச்சா உள்ள அரை கப்புக்குப் பக்கமா ஒரு சாறு நிக்கும் பாருங்க, தயவுசெஞ்சு அதைக் கொட்டிடாதீங்க. ஒரு கிண்ணத்துல வடிச்சு கொஞ்ச நேரம் விட்டா கொழுப்பு மேல மிதக்கும், அதை எடுத்துட்டா கீழ இருக்குறது முழுக்க ஜெலட்டினும் கறிச்சுவையும் மசாலாவும். அதை சாஸ்ல ஊத்தி சுருள வத்த வெச்சா, சாஸ் ரிப்ஸ் மேல வழியாம பிடிச்சுக்கிட்டு நிக்கும், சோளமாவெல்லாம் போட வேண்டிய தேவையே வராது. அந்தச் சாறுல ஏற்கனவே உப்பு இருக்கும்ங்கிறதால சாஸ்ல உப்பைக் கடைசிலதான் பார்த்துப் போடணும்.

ஓவனோட குறை புகை இல்லாததும், ஃபாயிலுக்குள்ள வெந்ததால மேல் தோல் மாதிரி ஒரு மொறுமொறுப்பு இல்லாததும்தான். ஃபாயில் இல்லாம வெச்சா மேல்பக்கம் நல்லா இறுகும், ஆனா ஓவனோட வறண்ட காத்துல ஓரமெல்லாம் காஞ்சுடும். கரில வெந்த கறியை வெட்டினா ஓரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு தெரியும், புகைல இருக்குற நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியோட மயோகுளோபினோட சேர்றதால வர்ற நிறம் அது. பார்க்க அழகா இருக்கும், ஆனா அந்தக் கோட்டுக்குன்னு தனி ருசி எதுவும் கிடையாது. அது ஓவன்ல வரலைன்னு ஏங்க வேண்டாம், புகை வாசனை இல்லைங்கிறதுக்கு மட்டும் வருத்தப்பட்டா போதும், அதுக்கு சாஸ்ல வழி இருக்கு.

பிரஷர் குக்கர் அவசரக்காரங்களுக்கு. முழு அழுத்தத்துல உள்ள சூடு 120 டிகிரிக்குக் கிட்ட போறதால கொலாஜன் சட்டுன்னு இளகிடும், அழுத்தம் ஏறினப்புறம் 20லேருந்து 25 நிமிஷம், அப்புறம் தானா ஆவி அடங்கட்டும்னு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம், பேபி பேக் ரெடி. கறி தண்ணில முங்கக் கூடாது, அடில ஒரு கப் தண்ணியும் கொஞ்சம் வினிகரும் ஊத்தி தட்டு போட்டு அதுக்கு மேல நிறுத்தி வெச்சா போதும். வேலை நாள் சாயங்காலம் ரிப்ஸ் சாப்பிடணும்னா இதுதான் வழி. ஆனா அஞ்சு நிமிஷம் கூடினாக்கூட கறி எலும்பை விட்டு உதிர்ந்து, எடுக்கறப்பவே உடைஞ்சு, நார் நாரா குழஞ்சு போயிடும், நடுவுல திறந்து பார்க்கவும் முடியாது. அந்த ரிஸ்க்கோடதான் இறங்கணும்.

பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி ரிப்ஸைக் கொதிக்க வெச்சு அப்புறம் கிரில்ல போடுறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கறியோட சாரமும் உப்பும் தண்ணில இறங்கிடும், அந்தத் தண்ணியை சூப்பா குடிக்கப் போறீங்கன்னா சரி, இல்லைன்னா ருசியைக் கீழ ஊத்துறீங்கன்னுதான் அர்த்தம்.

சரி, என் முடிவு. வெளில ஒரு சின்ன கரி அடுப்பு வைக்க இடம் இருக்குன்னா, ஓவன்ல ஃபாயிலுக்குள்ள வேக வெச்சு, கடைசி கால் மணி, இருபது நிமிஷத்தை மட்டும் கரில முடிங்க. அஞ்சு மணி நேரம் காவல் காக்க வேண்டாம், பதம் தப்புற பயம் இல்லை, கடைசில சாஸ் தடவி கரி மேல திருப்பித் திருப்பிப் போடுறப்போ கொழுப்பும் சாஸும் சொட்டி கரில விழுந்து எழும்புற ஆவி இருக்கே, அது கறி மேல ஒட்டிக்கிட்டு பார்பிக்யூ வாசனையோட பெரும்பகுதியைக் கொடுத்துடும். முழுப்புகை ரிப்ஸுக்கு இது சமம்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல் தடவை பண்றவங்க பத்து பேருக்கு சமைக்கிற நாள்ல முழுக்க கரியை நம்பறதை விட இது ஆயிரம் மடங்கு நிம்மதி. ஒரு நாள் முழுக்க நேரம் இருந்து, நெருப்பு பார்க்கறதே உங்களுக்கு சந்தோஷம்னா முழுக்க கரிக்குப் போங்க. வெளி இடமே இல்லைன்னா ஓவன்ல வேக வெச்சு ஓவனோட மேல் எலிமென்ட்டை முழுசா ஏத்தி அதுக்குக் கீழ முடிங்க.

வெட்டு விஷயத்தை சீக்கிரம் முடிச்சுடலாம். பேபி பேக்னா குட்டிப் பன்னியோடது இல்லை, முதுகெலும்புக்குப் பக்கத்துல இருந்து வர்றது, வளைஞ்சு குட்டையா இருக்கும், கொழுப்பு கம்மி, சீக்கிரம் வேகும், சீக்கிரம் காயவும் செய்யும். ஸ்பேர் ரிப்ஸ் வயித்துப் பக்கம், பெருசு, கொழுப்பு ஜாஸ்தி, அதுல நெஞ்செலும்பும் குருத்தெலும்பும் இருக்குற கீழ் ஓரத்தை வெட்டி எடுத்து சதுரமாக்கினா அதுக்குப் பேர் செயின்ட் லூயிஸ் கட். குக்கருக்கு பேபி பேக், கரிக்கு செயின்ட் லூயிஸ், ஓவனுக்கு ரெண்டுமே ஒத்து வரும், ஆனா கார சாஸ்தான் குறின்னா நான் செயின்ட் லூயிஸைத்தான் எடுப்பேன், ஏன்னா காரத்தைத் தாங்கிப் பிடிக்க கொழுப்பு வேணும். லேபிள்ல உப்புக்கரைசல் ஏத்தினதுன்னு போட்டிருந்தா அதை எடுக்காதீங்க, எடுத்தே ஆகணும்னா நீங்க போடுற உப்பைப் பாதிக்கு மேல குறைச்சுடுங்க.

எந்த வெட்டா இருந்தாலும் எலும்புப் பக்கம் வெள்ளையா பளபளன்னு ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கும், அதை உரிச்சே ஆகணும், அது வேகவும் வேகாது, உப்பு காரத்தை உள்ள விடவும் விடாது. ஓரத்துல இருந்து ரெண்டாவது எலும்பு மேல ஒரு ஸ்பூன் காம்பை ஜவ்வுக்கு அடில நுழைச்சு லேசா நெம்பினா கூடாரம் மாதிரி தூக்கிக்கும், அந்த இடத்துல விரலை விட்டு அகலப்படுத்தி, டிஷ்யூ பேப்பர் வெச்சு இறுக்கிப் பிடிச்சு இழுத்தா சர்ருன்னு ஒரே உரிப்புல வந்துடும். வெறும் கையால பிடிச்சா வழுக்கும், டிஷ்யூதான் சூட்சுமம். அப்புறம் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டு முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. உப்பு மட்டும்தான் கறிக்குள்ள இறங்கும், மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுப்பொடி, சர்க்கரை எல்லாம் மேலயே நிக்கிற சமாச்சாரம், அதை அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி தடவினா போதும்.

இப்ப சாஸ், எனக்குப் பிடிச்ச இடம். அமெரிக்காலயே இதுல ஊருக்கு ஒரு கட்சி. கேன்சஸ் சிட்டி பக்கம் தக்காளியும் மொலாஸஸ்ங்கிற கறுப்பு சர்க்கரைப்பாகும் போட்டு கெட்டியா இனிப்பா, வட கரோலினாவோட கிழக்குல வினிகரும் மிளகாயும் மட்டும் தண்ணி மாதிரி, தென் கரோலினால கடுகு சாஸ், மெம்ஃபிஸ்ல சாஸே இல்லாம வெறும் மசாலாத்தூளோட சாப்பிடுற பழக்கமும் பலமா இருக்கு. நாம வீட்டுல கார சாஸ் பண்றப்போ இந்தக் கட்சிகள்ல ஒண்ணை அப்படியே எடுக்கறதை விட, உங்க நெருப்பு எதைக் கொடுக்கலையோ அதை சாஸ் கொடுக்கணும்னு யோசிங்க. முழுக்க கரில புகைஞ்ச ரிப்ஸ்ல புகை, கசப்பு ஓரம், உருகின கொழுப்பு எல்லாம் ஏற்கனவே இருக்கு, அதுக்கு மேல கெட்டியா இனிப்பா பூசினா மூடி மறைச்ச மாதிரி ஆகிடும், அங்க வினிகர் தூக்கலா மெல்லிசா காரமா ஒரு சாஸ்தான் சரி, நாக்கைக் கழுவி அடுத்த கடிக்குத் தயார் பண்ணும். ஓவன் ரிப்ஸும் குக்கர் ரிப்ஸும் மென்மையா இருக்கும், ஆனா வாசனைல ஏழை, அங்க தக்காளி, வறுத்த மிளகாய், கொஞ்சம் புகை வாசனைப் பொருள் போட்ட கெட்டி சாஸ் வேணும்.

புகை வாசனைக்கு மூணு வழி. லிக்விட் ஸ்மோக் நிஜமான புகையைக் குளிர வெச்சுப் பிடிக்கிற திரவம்தான், ஆனா ஒரு கப் சாஸுக்கு கால் டீஸ்பூனைத் தாண்டினா மருந்து நெடி அடிக்கும். புகை போட்ட பாப்ரிகாத்தூள் நிறமும் வாசனையும் கொடுக்கும், காரம் கிட்டத்தட்ட இல்லை. மூணாவது சிபோட்லே, நல்லா பழுத்த ஹாலபீன்யோ மிளகாயைப் புகை போட்டுக் காய வெச்சது, புகையும் காரமும் ஒரே பொருள்ல வருது. கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு சிபோட்லேவை எடுங்க.

காரத்துக்கு எந்த மிளகாய்ங்கிறதுல தூள், ஊற வெச்சு அரைச்ச காய்ந்த மிளகாய், பச்சையா அரைச்ச ஹபனேரோ மாதிரி கடுங்காரம்னு மூணு பாதை இருக்கு. மிளகாயோட காரத்தை எண்ணால சொல்ல 1912ல வில்பர் ஸ்கோவில் கொண்டு வந்த அளவுல சொன்னா சிபோட்லே 2,500லேருந்து 8,000, கெயென் மிளகாய் 30,000லேருந்து 50,000, ஹபனேரோ ஒரு லட்சத்துலேருந்து மூணரை லட்சம். ஹபனேரோல நல்ல பழவாசனை இருக்கு, மாம்பழம், அன்னாசி போட்ட சாஸுக்கு அது அருமை, ஆனா ஒரு காய் கூடினா மொத்த ட்ரேவும் யாரும் தொட முடியாம போயிடும். தூள் சுலபம்தான், ஆனா சாஸ் நாக்குல மாவு மாதிரி படும், நிறமும் சீக்கிரம் மங்கும். அதனால என் ஓட்டு காய்ந்த மிளகாயை ஊற வெச்சு அரைக்கறதுக்குத்தான், அதுல காரத்தோட சதையும் கிடைக்குது. காரம் குறைக்கணும்னா விதையை மட்டும் உதறினா பத்தாது, காரத்தைக் கொடுக்குற கேப்சைசின் அதிகமா இருக்குறது விதை ஒட்டியிருக்குற வெளிர் நரம்புலதான், அதை வழிச்சு எடுக்கணும்.

ரெண்டு ரேக்குக்கு, அதாவது துண்டு போடாத ரெண்டு முழு விலா வரிசைக்கு, நான் பண்ற அளவு இது. நீளமான காய்ந்த மிளகாய் 10, சிபோட்லே 2, கொதிக்கிற தண்ணில 20 நிமிஷம் ஊற வெச்சு, 6 பல் பூண்டோட நைசா அரைச்சுக்குங்க. அடிகனமான பாத்திரத்துல 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், அதுல பொடியா நறுக்கின ஒரு பெரிய வெங்காயத்தை பொன்னிறம் தாண்டி பழுப்பாகுற வரைக்கும் வதக்கி, அரைச்ச விழுதைப் போட்டு சின்னத் தீயில விடாம கிளறணும். முதல்ல பச்சை நெடி மூக்கைத் துளைக்கும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்குங்க, ஆறேழு நிமிஷத்துல விழுது இறுகி, கரண்டி போன தடத்துல சிவப்பா எண்ணெய் பிரிஞ்சு நிக்கும், நெடி போய் வாசனை இனிப்பா மாறும், அதுதான் பதம். இந்த இடத்துல அவசரப்படக் கூடாது, ஏன்னா கேப்சைசின் தண்ணில கரையாது எண்ணெய்லதான் கரையும், எண்ணெய்ல வதங்கினாதான் காரம் சாஸ் முழுக்க ஒரே மாதிரி பரவும், இல்லைன்னா ஒரு கடி சப்புன்னும் அடுத்த கடி சுரீர்னும் இருக்கும். அப்புறம் கெட்சப் ஒரு கப், ஆப்பிள் சைடர் வினிகர் அரை கப், பிரவுன் சுகர் 3 டேபிள்ஸ்பூன், கடுகு பேஸ்ட் ஒரு டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், ஃபாயில்ல இருந்து வடிச்ச சாறு, எல்லாம் சேர்த்து மெல்லிசா கொதிக்க விட்டு 20 நிமிஷம். கடைசில அடுப்பை அணைச்சுட்டு ஒரு ஸ்பூன் வினிகர் பச்சையா ஊத்தினா புளிப்பு பளிச்சுன்னு தெரியும். வத்த வத்த காரம் ஏறுமே தவிர குறையாது, அதனால பாதி வத்தினப்பவே ருசி பார்த்துடுங்க.

கெட்சப்புக்குப் பதிலா தக்காளியே போடலாமான்னா தாராளமா போடலாம், ருசி இன்னும் உயிரா இருக்கும், ஆனா நாலஞ்சு பழம் வத்தி கெட்டியாக முக்கால் மணி நேரம் ஆகும், சர்க்கரை, வினிகர், உப்பு எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டணும், கெட்சப்ல அதெல்லாம் ஏற்கனவே இருக்கு. முழுக்க கரில பண்ணப் போறவங்க இதே சாஸ்ல கெட்சப்பைக் கால் கப்பாக்கி, வினிகரை முக்கால் கப்பாக்கி, சிபோட்லேவை விட்டுட்டு, சர்க்கரையை ஒரே ஸ்பூனாக்கிட்டா மெல்லிசு சாஸ் ரெடி. கரில ஃபாயில் சுத்தலைன்னா வடிச்ச சாறு இருக்காது, இந்த மெல்லிசு சாஸுக்கு அது தேவையும் இல்லை.

சாஸை எப்ப தடவுறதுங்கிறதுல தகராறே கிடையாது, கடைசிலதான். சர்க்கரை இருக்குற சாஸை ஆரம்பத்துலயே தடவினா ரிப்ஸ் வேகுறதுக்கு ரொம்ப முன்னாடியே மேல்பக்கம் கறுத்துக் கசந்துடும், தேன் போட்டிருந்தா அதை விடச் சீக்கிரம். வெந்த ரிப்ஸை ஃபாயில்லேருந்து எடுத்து, மேல்பக்க ஈரத்தை டிஷ்யூவால ஒத்தி, மெல்லிசா ஒரு கோட், கரி இல்லாத பக்கம் ஆறேழு நிமிஷம், இன்னொரு கோட், அப்புறம் கரிக்கு நேரா மேல ரெண்டு நிமிஷம் திருப்பித் திருப்பி. கண்ணு அது மேலயே இருக்கணும், முதல்ல சாஸ் தண்ணியா பெரிய குமிழா கொதிக்கும், அப்புறம் குமிழ் சின்னதாகி, பளபளப்பு கூடி, விரலால தொட்டா நூலா இழுக்கும், ஓரத்துல அங்கங்க கறும்புள்ளி விழும், அப்ப எடுத்துடணும். பச்சைக் கறில பட்ட பிரஷ்ஷை சாஸ் பாத்திரத்துல விடாதீங்க, சாப்பிடறப்போ தொட்டுக்கத் தனியா ஒரு கிண்ணம் முதல்லயே எடுத்து வெச்சுடுங்க.

பதம் எப்படித் தெரியும்? ரிப்ஸ்ல கறி மெல்லிசு, தெர்மாமீட்டர் முனை எலும்புல பட்டுட்டா தப்பா காட்டும், அதனால இடுக்கியால ரேக்கோட ஒரு நுனிலேருந்து மூணு நாலு எலும்பு தள்ளிப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க, மறுநுனி தளர்ந்து தொங்கி, வளையுற இடத்துல மேல்பக்கம் வெடிக்க ஆரம்பிச்சா சரியான பதம், விறைப்பா நின்னா இன்னும் நேரம் இருக்கு, ரெண்டா உடைஞ்சா தாண்டிடுச்சு. எலும்பை விட்டு உதிரணும்னு ஆசைப்படறவங்களும் இருக்காங்க, கடிச்ச இடம் மட்டும் சுத்தமா வந்து பல் தடம் தெரியணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி போட்டிகள்ல ரெண்டாவதுக்குத்தான் மார்க், உதிர்ந்தா ஓவரா வெந்ததுன்னு அர்த்தம். நானும் ரெண்டாவது கட்சிதான், ஆனா வீட்டுல பல்லு சரியில்லாத பெரியவங்களோ சின்னப் பிள்ளைங்களோ இருந்தா அவங்களுக்குன்னு ஒரு ரேக்கை அரை மணி நேரம் கூட வெச்சு உதிர விடறதுல எந்தத் தப்பும் இல்லை.

கரிக்காரங்க மத்தில 3-2-1ன்னு ஒரு கணக்கு ரொம்பப் பிரபலம், 3 மணி நேரம் புகை, 2 மணி நேரம் ஃபாயில், 1 மணி நேரம் சாஸோட. அது பெரிய ஸ்பேர் ரிப்ஸுக்கான கணக்கு, பேபி பேக்குக்கு அப்படியே போட்டா குழஞ்சு போயிடும், அதுக்கு 2-2-1 போதும், அதுலயும் ஃபாயில் நேரத்தை நான் இன்னும் குறைச்சுடுவேன். ஃபாயில் சுத்தறது எதுக்குன்னா, கறி 65-75 டிகிரிக்கிட்ட வர்றப்போ மேல வர்ற ஈரம் ஆவியாகி கறியைக் குளிர வெச்சுக்கிட்டே இருக்கும், சூடு ஏறாம அப்படியே நிக்கும், சுத்தினா அந்த ஆவி வெளிய போக வழியில்லாம சூடு மேல ஏறிடும். ரிப்ஸ் மெல்லிசுங்கிறதால சுத்தாமயும் வேகும், மேல்பக்கம் இன்னும் நல்லா இறுகும், ஒரு மணி நேரம் கூட ஆகும். மொறுமொறுப்பு முக்கியம்னா சுத்தாதீங்க, நேரம் முக்கியம்னா சுத்துங்க.

விருந்துக்குப் பண்றீங்கன்னா சாஸை முதல் நாளே பண்ணிடுங்க, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல கிடந்தா காரமும் புளிப்பும் ஒண்ணோட ஒண்ணு கலந்து நல்லா அடங்கும், ஃபாயில் சாறை மட்டும் அடுத்த நாள் சேர்த்துக் கொதிக்க வெச்சுக்கலாம். ரிப்ஸையும் முதல் நாளே ஓவன்ல வேக வெச்சு, ஆறினதும் ஃபாயிலோட ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம், சில்லுன்னு இருக்குறப்போ துண்டு போட்டாலும் உடையாது. அடுத்த நாள் அதே ஃபாயில்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு 120 டிகிரில அரை மணி நேரம், நல்லா உள்ள வரைக்கும் சூடானதும் சாஸ் தடவி கரிக்கு மாத்திடலாம். காரம் தாங்காதவங்க வர்றாங்கன்னா வெங்காயமும் கெட்சப்பும் வினிகரும் மட்டும் போட்டு இன்னொரு சின்னப் பாத்திரத்துல மிளகாய் இல்லாத சாஸ் வெச்சுடுங்க, கூடவே தயிரோ பாலோ மேஜைல இருக்கட்டும், அதுல இருக்குற கேசீன் புரதம் காரத்தை நாக்குலேருந்து எடுத்துடும், தண்ணி எவ்வளவு குடிச்சாலும் அதைச் செய்யாது.